ஃபேமிலிசர்ச்: 1775-ஆம் ஆண்டு கேப்டனைத் தேடினால் எவ்வளவு கிடைக்கும்?

நாகர்கோவிலில் இருந்தாலும் சரி, மார்த்தாண்டத்தில் இருந்தாலும் சரி, அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேட வேண்டிய தேவை வந்தால் முதலில் திறக்க வேண்டிய தளம் ஃபேமிலிசர்ச். சிலருக்கு அது வெளிநாட்டு வாடிக்கையாளர் கொடுத்த வேலையாக இருக்கும். சிலருக்கு அங்கே சம்பந்தம் செய்த வீட்டின் பூர்வீகம் தெரிந்தால் போதும். சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் மோர்மன் சபை நடத்துகிறது. சபையில் சேரச் சொல்ல மாட்டார்கள், காசும் கேட்க மாட்டார்கள். ஒரு கணக்கு தொடங்கினால் போதும்.

தளத்தைச் சோதித்துப் பார்க்க ஜான் பார்க்கர் நல்ல ஆள். அமெரிக்கப் புரட்சிப் போர் தொடங்கிய 1775 ஏப்ரல் 19 விடியற்காலையில் மாசசூசெட்ஸின் லெக்ஸிங்டன் மைதானத்தில் பிரிட்டிஷ் படைக்கு எதிரே நின்ற ஏறக்குறைய 77 ஊர்க்காரர்களுக்கு அவர்தான் கேப்டன். 1729 ஜூலை 13 பிறப்பு. 1755 மே 25 அன்று லிடியா மூரோடு கல்யாணம், ஏழு பிள்ளைகள். சண்டை முடிந்து ஐந்தே மாதத்தில், செப்டம்பர் 17 அன்று காசநோயில் போய்விட்டார். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் கருவி எங்கே பிசகுகிறது என்று பிடிபடும்.

பெயரைத் தட்டியதும் கண்ணில் படுவது குடும்ப மரம். பார்க்க அழகு, ஆனால் அதிலிருந்து ஒரு தேதியைக்கூட அப்படியே எடுத்து எழுதாதீர்கள். உலகம் முழுவதுக்கும் ஒரே மரம், கணக்கு உள்ள யாரும் திருத்தலாம். ஒரே ஊரில் இரண்டு ஜான் பார்க்கர் இருந்தால், யாரோ ஒருவர் இருவரையும் ஒரே ஆளாக ஒட்டிவிட்டுப் போயிருப்பார். ஒவ்வொரு ஆளுக்கும் ‘ஆதாரங்கள்’ என்ற பகுதி உண்டு. அங்கே ஊர்ப் பதிவேடோ நீதிமன்றத் தாளோ இணைத்திருந்தால் அதைத் திறந்து படியுங்கள். இன்னொருவர் போட்ட மரத்தை ஆதாரம் என்று இணைத்திருந்தால் அதற்கு மதிப்பில்லை. அதற்கு முன் பிரெஞ்சுக்காரரோடு நடந்த போரில் பார்க்கர் லூயிஸ்பர்க்கிலும் குவிபெக்கிலும் போரிட்டார் என்று பல இடங்களில் படிக்கலாம். மரத்தில் பத்துப் பேர் எழுதியதாலேயே அது உறுதியாகிவிடாது, படைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

தளத்தின் உண்மையான பலம் கேட்டலாக்தான். அங்கே ஆள் பெயர் வேண்டாம், இடப்பெயரைப் போடுங்கள். பிறப்பும் கல்யாணமும் ஊரின் பெயரில் இருக்கும், சொத்துத் தாள்கள் கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின் பெயரில் இருக்கும். லெக்ஸிங்டன் இருப்பது மிடில்செக்ஸ் கவுண்டியில். ஆனால் அது 1713-இல்தான் தனி ஊரானது, அதுவரை கேம்பிரிட்ஜோடு சேர்ந்திருந்தது. தாத்தா தலைமுறையை லெக்ஸிங்டனில் தேடினால் வெறுங்கைதான். விளவங்கோட்டுக்காரர் ஒருவர் 1956-க்கு முந்தைய ஆவணத்தைச் சென்னை மாகாணக் கணக்கில் தேடினால் என்ன கிடைக்குமோ, அதுதான் கிடைக்கும்.

கேட்டலாக்கில் ஒவ்வொரு பதிவின் எதிரிலும் ஒரு சின்னம் இருக்கும். பூதக்கண்ணாடி என்றால் பெயர்ப்பட்டியல் தயார். கேமரா மட்டும் இருந்தால் படங்கள் உண்டு, பக்கம் பக்கமாக நீங்கள்தான் புரட்ட வேண்டும். பலர் இங்கே சலித்து விட்டுவிடுகிறார்கள். பழைய பதிவேடுகளின் முன்பக்கத்திலோ கடைசியிலோ கையால் எழுதிய அகரவரிசை இருக்கும். அதில் பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு பட எண்ணைத் தோராயமாக ஊகித்துத் தாவுங்கள். இரண்டு பக்கத்தை ஒரே படமாக எடுத்திருந்தால் 240-ஆம் பக்கம் 120-ஆம் படத்தை ஒட்டி இருக்கும். எழுத்து மங்கலாக இருந்தால் திரையின் ஓரத்தில் உள்ள ஒளியையும் நிற அழுத்தத்தையும் மாற்றும் கருவிகளைத் தொடுங்கள், கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக மாற்றும் பொத்தானும் அங்கேயே இருக்கிறது. கைப்பேசியில் இந்த வேலை ஆகாது.

குடும்பத்தைப் பிடிக்க ஞானஸ்நானப் பதிவேட்டைவிடச் சொத்துத் தாள்கள் பலமானவை. ஒருவர் இறந்ததும் நிர்வாகி நியமனம், பொருள் பட்டியல், கணக்கு, பாகப் பிரிவினை என்று தாள்கள் வரிசையாக வரும். பொருள் பட்டியலில் துப்பாக்கியும் மாடும் கலப்பையும் விலையோடு இருக்கும். பிரிவினையில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு நிலம் தனியாக அளந்துவிடுவார்கள். மாசசூசெட்ஸில் உயில் இல்லாமல் இறந்தவரின் மூத்த மகனுக்கு 1789 வரை இரட்டைப் பங்கு. அதனால் பிறந்த தேதி கிடைக்காவிட்டாலும் பங்கைப் பார்த்தே மூத்தவன் யார் என்று சொல்லிவிடலாம். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமித்த தாள் கிடைத்ததும் தாயும் இறந்துவிட்டாள் என்று எழுதிவிடுகிறார்கள். தகப்பன் இறந்து சொத்து இருந்தாலே, தாய் உயிரோடு இருக்கும்போதும் காப்பாளரை நியமிப்பார்கள். 14 வயது ஆன பிள்ளை தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அந்த ஒரு வரியிலிருந்தே பிள்ளையின் வயதை நெருக்கமாக ஊகிக்கலாம்.

2024-இல் முழு உரைத் தேடல் என்று ஒன்று வந்தது. கையெழுத்தை இயந்திரமே படித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் தேடவிடுகிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பக்கத்து நிலத்துக்காரர் என்று எந்தப் பட்டியலிலும் ஏறாத ஆட்கள்கூட அகப்படுகிறார்கள். இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுக்கலாம் என்றால் பெரும்பங்கு இதற்காகத்தான். ஆனால் அந்தக் காலத்து நீள எஸ் எழுத்தை எஃப் என்று படித்துவிடும். அதனால் எஸ் வரும் பெயர்களை எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். சுருக்கங்களும் கவிழ்க்கும். ஜே, என், ஓ என்று மூன்றே எழுத்து இருந்தால் அது ஜான். ‘ஜோனா’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஜொனாதன். கேப்டனின் உறவினர் ஜோனாஸ் பார்க்கர் அதே மைதானத்தில் இறந்தவர். அவரைத் தேடும்போது ஏதோ ஒரு ஜொனாதனைப் பிடித்துவரக் கூடாது.

தேதிதான் எல்லாரையும் சறுக்கவிடும் இடம். 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் புத்தாண்டு மார்ச் 25. 1731 ஏப்ரலில் கல்யாணம், 1731 பிப்ரவரியில் முதல் பிள்ளை என்று பதிவேட்டில் இருந்தால் அவதூறாக எதையும் நினைக்க வேண்டாம், அது பத்து மாதம் கழித்து வந்த பிப்ரவரி. சில எழுத்தர்கள் 1731/32 என்று இரண்டையும் போட்டிருப்பார்கள், அதை அப்படியே எழுதுங்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. பார்க்கர் ஜூலையில் பிறந்ததால் அவருடைய ஆண்டில் குழப்பமில்லை.

கல்லறைக் கல்லில் வயது இருந்தால் அது முடிந்த வயதா நடப்பு வயதா என்று பாருங்கள். பார்க்கர் இறந்தபோது முடிந்தது 46, நடந்தது 47. இதைப் பழகிக்கொள்ள நம் மாவட்டத்திலேயே கல் இருக்கிறது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் திருவிதாங்கூர் படைத்தலைவராக இருந்த வலிய கப்பித்தான் டிலனாயின் கல்லறைக்குப் போங்கள். 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. கழித்தால் 1714 டிசம்பருக்குப் போகிறது. பரவலாக எழுதப்படும் பிறந்த நாளோ 1715 டிசம்பர் 30. ஓராண்டு இடிக்கிறது. 62 என்பதை நடப்பு ஆண்டாக எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

படைத் தகவலுக்கு இந்தத் தளம் சுமார்தான். புரட்சிப் போரில் இருந்த மாசசூசெட்ஸ்காரர்களின் பட்டியல் 1896 முதல் 1908 வரை 17 தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது, அதை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கேப்டன் என்ற பட்டத்தை வைத்து மட்டும் ஆளை முடிவு செய்ய வேண்டாம், கப்பல் ஓட்டியவனும் கேப்டன்தான். அவருக்கு என்ன பதவி, எந்த ஆண்டு என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்: என்சைன், லெப்டினன்ட், அப்புறம் கேப்டன். வரிசை தலைகீழாக வந்தால் இரண்டு பேரைக் கலந்துவிட்டீர்கள். ஊர்ப் பதிவேட்டில் வரும் சீனியர், ஜூனியர் என்பதும் தகப்பன், மகன் என்று ஆகாது. ஊரில் மூத்தவர், இளையவர் என்றுதான் பொருள். மூத்தவர் இறந்ததும் ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார்.

பெரிய குறை ஒன்று உண்டு. கேமரா சின்னத்தின் மேல் சாவி இருந்தால் அந்தப் படம் வீட்டில் திறக்காது, ஃபேமிலிசர்ச் மையத்திலோ இணைந்த நூலகத்திலோ உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். முன்பு போல மைக்ரோஃபிலிம் வரவழைக்கவும் முடியாது, 2017-இல் நிறுத்திவிட்டார்கள். மிடில்செக்ஸ் சொத்துத் தாள்களில் 1648 முதல் 1871 வரையுள்ளவை அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ் தளத்திலும் இருப்பதால், இங்கே பூட்டு விழுந்தால் அங்கே ஒரு கணக்கு தொடங்கிப் பாருங்கள். திறந்த படத்தை உடனே இறக்கிவைத்து, கோப்பின் பெயரிலேயே படத்தொகுப்பு எண்ணையும் பட எண்ணையும் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தம் மாறினால் இன்று திறந்த படம் நாளைக்குப் பூட்டிக்கொள்ளும்.