சைலமும் ஃபுளோயமும்: ஓர் ஒப்பீடு

நீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் தாவரத்தின் ஒரே கடத்துதிசுக் கற்றையில் அடுத்தடுத்து அமைந்திருந்தாலும், அவை இயங்கும் விதம் அடிப்படையிலேயே வேறானது. முதிர்ந்த சைலக் குழாய்கள் உயிரற்றவை; இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேறும்போது உண்டாகும் இழுவிசையே, லிக்னின் என்ற உறுதியான பொருள் படிந்த அக்குழாய்களின் ஊடே நீரை வேரிலிருந்து உச்சிவரை ஏற்றுகிறது என்று 1894-இல் அறிவியலாளர்கள் டிக்சனும் ஜோலியும் விளக்கினர். உயிரற்ற செல்கள் இத்தனை பெரிய பணியைச் செய்வது உண்மையிலேயே வியப்புக்குரியது.

ஃபுளோயத்தின் சல்லடைக் குழாய்களோ உயிருள்ளவை. அவற்றில் உட்கரு இல்லாததால், அருகிலுள்ள துணைசெல்களே அவற்றைப் பேணி, ஆற்றலைச் செலவிட்டுச் சுக்ரோஸ் என்ற சர்க்கரையை அவற்றுள் ஏற்றுகின்றன. சைலத்தின் ஓட்டம் மேல்நோக்கியது. ஃபுளோயத்தில் அது கிழங்கோ கனியோ, தேவைப்படும் இடத்தை நோக்கியது.

மரப்பட்டையை வளையமாக உரித்தால் இலைகள் உடனே வாடாமல், வெட்டுக்கு மேற்புறம் வீங்குவதை மாணவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். பட்டையோடு ஃபுளோயம் நீங்கிவிடுவதால் இறங்கிவரும் உணவு வெட்டுக்கு மேலே தேங்குகிறது; சைலம் கட்டைக்குள் அப்படியே இருப்பதால் இலைகளுக்கு நீர் தொடர்ந்து கிடைக்கிறது.