பேசியே எழுதிய புத்தகம்: குரல் தட்டச்சோடு சில வருடங்கள்

கடற்பாசி பறிக்கும் பெண்களைப் பற்றிய என் புத்தகத்தின் முதல் வரைவு முழுவதும் குரல் தட்டச்சில், அதாவது நாம் பேசுவதைப் போனே எழுத்தாக்கும் வசதியில், பேசியே எழுதியது. சில வருடங்களாக இதுதான் என் முறை. நம்ம ராமநாதபுரம் கரையில் சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

வேகத்தில் குறையே இல்லை. தட்டச்சு தெரியாதவர்கூட ஒரு மாலையில் பல பக்கங்கள் முடித்துவிடலாம். ஆனால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். ஆடி மாதம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் கரையில் நின்று பேசினால் பாதி வாக்கியம் காணாமல் போகும். நிறுத்தக்குறிகளை நாமே போட வேண்டும். ஒற்று ஓரிடத்தில் இருக்கும், அடுத்த வரியில் இருக்காது. சரி, இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

பெரிய சிக்கல், பழக்கமில்லாத சொல் வந்தால் குரல் தட்டச்சு தனக்குத் தெரிந்த ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவதுதான். மரிக்கொழுந்துப் பாசி ஒழுங்காக விழுந்தது, பூவின் பெயர் என்பதால் இருக்கலாம். கட்டக்கோரை என்ற இன்னொரு பாசி 'கட்ட கூரை' ஆனது. சூடை மீன் 'சூடான மீன்' ஆனது. எல்லாமே எழுத்துப்பிழையில்லாத தமிழ்ச் சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. ஆகவே பேசும்போதே ஒலிப்பதிவையும் தனியாகச் சேமித்து வையுங்கள். நாள் கழித்து, என்ன சொன்னோம் என்று நமக்கே மறந்துபோன இடத்தில் அது ஒன்றுதான் துணை. இரண்டாவது வரைவுக்குக் குரல் தட்டச்சு வேண்டவே வேண்டாம். பேச்சில் வந்த நீளத்தை வெட்ட, உட்கார்ந்து கையால்தான் திருத்த வேண்டும்.

அப்புறம் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது. பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே நல்ல இடம் விட்டு அச்சடித்து, விஷயம் தெரிந்தவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். இதைவிட நல்ல எடிட்டிங்கை நான் பார்த்ததில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கரையில் வலை சீர்செய்துகொண்டிருப்பவர்கள் நிதானமாகக் கேட்பார்கள். பாசி அத்தியாயத்தை வாசித்தபோது ஒரு அக்கா இடைமறித்தார்.

"தம்பி, விரல்ல துணி சுத்துறத எழுதியிருக்கீக. சுத்துனாலும் பாறை கிழிக்கும்ல, வீட்டுக்குப் போயி சோத்துல கை வச்சா எரியும். அதையும் போடுங்க."

அந்தப் பத்திதான் இப்போது அத்தியாயத்தின் தொடக்கம்.

பக்க வடிவமைப்புக்கு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் வேலை செய்பவரைத் தேடிப் பிடியுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது, ஆனாலும் பழைய எழுத்துருவை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் பெயர்ந்துவிடும், முழுப் புத்தகத்தையும் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக உள்ள சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்குக் காசு கேட்பவர்களிடம் போக வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, தானே வெளியிடும் எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். புத்தகம் வந்ததும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு 30 நாளுக்குள் பிரதி அனுப்ப வேண்டும்.

புத்தகத்தின் பைண்டிங்கில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மெல்லிய புத்தகம் என்றால் அச்சகத்தில் நடுவில் கம்பிப் பின் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பாம்பன், மண்டபம் பக்கத்து உப்புக்காற்றில் அந்தப் பின் துருப்பிடித்து நடுத்தாளில் கறை இறங்குகிறது. செலவு கொஞ்சம் கூடினாலும் நூல் தையல் கேளுங்கள். பக்கங்களை 16-இன் மடங்காக அமைத்தால் தாள் வீணாவது குறையும், தையலுக்கான காசில் ஒரு பகுதி அங்கேயே மிச்சமாகும்.