50 இறாத்தல் என்று பெட்டியில் எழுதியிருந்தது

திருகோணமலையில் ஸ்பின்னிங் ரீல் வைத்துத் தூண்டில் போடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பிரெயிட், அதாவது மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த தூண்டில் நூல், வாங்கி ஏமாந்த கதை. கடையின் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு வேறு கடைகளிலும் தொங்கலாம்.

இவ்வளவு நாளும் எனக்குத் தங்கூசிதான், ஒற்றை இழை நைலோன் நூல். கச்சான் தொடங்கினால் (தின்கிற கச்சான் இல்லை, காற்று) முதுகுப் பக்கமிருந்து அடிக்கும், மெல்லிய நூலாக இருந்தால் இன்னும் தூரம் எறியலாம் என்று ஆசைப்பட்டேன். பெட்டியில் பெயர்பெற்ற ஜப்பான் கொம்பனியின் பெயர். 8 இழை, 300 மீற்றர், 0.16 மில்லிமீற்றர் தடிப்பு, 50 இறாத்தல் தாங்கும் என்று. விலை 6,500 ரூபா. பில் கேட்டேன். "புத்தகம் முடிஞ்சு போச்சு தம்பி" என்றார் முதலாளி. கேட்டால் பில் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அது தெரிந்தும் வாய் திறக்காமல் வந்தது என் பிழை.

"ரீலைத் தாங்கோ, நானே சுத்தித் தாறன்" என்று வாங்கி, ட்ரில்லில் மாட்டி, இரண்டு நிமிடத்தில் விளிம்புவரை நிரப்பித் தந்தார். நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் விடிய இறக்கக்கண்டிப் பாலத்தடி. முதல் எறிதலிலேயே நூல் கொத்தாகக் கழன்று முடிச்சு. வெட்டிவிட்டு மறுபடி கட்டினேன். ஏழெட்டு எறிதலுக்குப் பிறகு பாரை ஒன்று அடித்தது. தடி வளைகிறது, நூல் போகிறது, ஆனால் டிராக் (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) சத்தம் இல்லை. ஸ்பூல் (ரீலில் நூல் சுற்றும் பாகம்) அசையாமல் நிற்க, அதன் மேலிருந்த நூல் முழுவதும் ஒரே உருளையாக வழுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அமத்தினேன். டப். முடிச்சில் அறுந்திருந்தால் என் கட்டு சரியில்லை என்று பேசாமல் இருந்திருப்பேன். அறுந்தது நடு நூலில். 3,200 ரூபா பொப்பரும் (மிதக்கும் போலி இரை) பாரையோடு போனது.

அன்று பின்னேரம்தான் சந்தேகம் வந்து சோதித்தேன். நுனியை ஊசியால் பிரித்து எண்ணினால் நான்கே இழை. மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கிரிக்கெட் பிட்சின் நீளத்துக்கு, அதாவது 22 யார், கிட்டத்தட்ட 20 மீற்றர், இழுத்து இழுத்து அளந்தேன். வெட்டி எறிந்ததையும் மீன் கொண்டுபோனதையும் தாராளமாகக் கூட்டினாலும் 230 மீற்றரைத் தாண்டவில்லை. முடிச்சுப் போடாமல் இரண்டு முனையையும் வழுவழுப்பான குழாய்களில் பல சுற்றுச் சுற்றி, தொங்கு தராசு வைத்து இழுத்தபோது 7 கிலோவில் அறுந்தது. 50 இறாத்தல் என்றால் 22 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும்.

கடைசியாக ஒரு துண்டை நனைத்து, காற்றுக் குமிழி போக விரலால் உருவி, ஒரு கிளாஸ் நல்ல தண்ணீரில் போட்டேன். உண்மையான பிரெயிட் பொலியெதிலீன் இழை, தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, மிதக்கும். இது நேரே அடிக்குப் போனது. நைலோனோ பொலியெஸ்டரோ ஏதோ ஒன்று.

இதையெல்லாம் கடையிலேயே பிடித்திருக்கலாம் என்பதுதான் எரிச்சல். பிரெயிட்டின் தடிப்பை ஜப்பான்காரர் பிஈ என்ற எண்ணால் சொல்வார்கள்; அந்தக் கணக்கில் 0.165 மில்லிமீற்றர் என்பது பிஈ 1. நல்ல கொம்பனி நூலே அந்தத் தடிப்பில் ஏறத்தாழ 20 இறாத்தல்தான் தாங்கும். 50 வேண்டுமென்றால் பிஈ 3 பக்கம், 0.285 வரை போகவேண்டும். அதைவிட, என்னுடையது 6000 அளவு, பெரிய ரீல். 0.16 நூல் 300 மீற்றர் சுற்றினால் அந்த ஸ்பூலில் பாதிகூட நிரம்பாது. விளிம்புவரை நிரம்பியதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேனே தவிர, நூல் 0.16ஐவிடத் தடிப்பு என்று யோசிக்கவில்லை. ஒன்று மட்டும்: விரலில் சாயம் ஒட்டுவதை வைத்துப் போலி என்று சொல்லாதீர்கள், நல்ல நூலும் வெளுக்கும்.

சுற்றிய விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அசல் நூலாக இருந்திருந்தாலும் அது வழுக்கியிருக்கும். பிரெயிட்டுக்கு வெறும் ஸ்பூலில் பிடிமானம் கிடையாது. அடியில் சில சுற்றுத் தங்கூசி போட்டு, அதோடு பிரெயிட்டைக் கட்ட வேண்டும். பிறகு ஈரத்துணியால் நூலை இறுகப் பிடித்துக்கொண்டு கையால் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மேல் நூல் கீழ்ச் சுற்றுகளுக்குள் புதையும், அல்லது எறியும்போது கொத்தாகக் கழலும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் குறைவாக நிறுத்த வேண்டும். அவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் அவசரமா, தெரியவில்லை.

திரும்பப் போனேன். "பாவிச்ச சாமானை மாத்த ஏலாது தம்பி. மீன் பெரிசா இருந்திருக்கும்" என்றார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அது வேறு விசயம்.

இப்போது பழையபடி தங்கூசி. மிச்ச நூலை அக்கா வாங்கிப் புடலங்காய்ப் பந்தலுக்குக் கட்டியிருக்கிறா. அங்கே ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது.