இரும்புப் பெட்டியில் துளை: பஞ்சா, ஸ்டெப் டிரில்லா, ஹோல் சாவா?

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில், ஆர்.வி. வண்டிக்கென்று (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) 50 ஆம்பியர் மின் அவுட்லெட் ஒன்று வைத்தேன். கம்பி இழுக்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. இரும்புப் பெட்டியில் இரண்டே துளைகள் போடுவதற்குத்தான் ஒரு வாரம் யோசித்தேன். அடிப்பக்கத்தில் கன்டூயிட் குழாய் (மின்கம்பி ஓடும் காப்புக் குழாய்) நுழைய ஒன்று, மூடித் தகட்டில் அவுட்லெட்டின் முகம் வெளியே வர ஒன்று. தகடு 16 கேஜ், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். துளை போட மூன்று கருவிகள் இப்போது என்னிடம் இருக்கின்றன: விளிம்பில் பல் வைத்த கிண்ணம் போன்ற ஹோல் சா, கூம்பு வடிவ ஸ்டெப் டிரில், தகட்டை அழுத்தி வெட்டும் நாக்அவுட் பஞ்ச். என் சாய்வு பஞ்ச் பக்கம்தான்.

முதலில் அளவு. 1 அங்குலக் குழாய்க்கு 1 அங்குலத் துளை போதாது. ஏறக்குறைய 1 3/8 அங்குலம், அதாவது 35 மில்லிமீட்டர் வேண்டும். அரை அங்குலக் குழாய்க்கு 7/8 அங்குலம். இது தெரியாமல் நான் வாங்கிய 1 அங்குல ஹோல் சா உறைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது.

ஹோல் சா மலிவு, வேண்டிய அளவிலெல்லாம் கிடைக்கும். ஆனால் மரத்தில் சாதுவாக இறங்குவது மெல்லிய தகட்டில் துள்ளும். பல் கவ்விக்கொண்டால் டிரில் மணிக்கட்டை முறுக்கிவிடும். பின்னால் மரக்கட்டை வைத்து இறுக்கி, எண்ணெய் விட்டு, வேகத்தை நன்றாகக் குறைத்தால் அடங்கும். அப்போதும் விளிம்பில் பிசிறு இருக்கும். அரம் போட்டே ஆக வேண்டும்.

ஸ்டெப் டிரில்லைக் குறை சொல்ல மனம் வரவில்லை. படிப்படியாக அகலும் அந்தக் கூம்பு மெல்லிய தகட்டில் வட்டம் பிசகாமல் இறங்கும். அடுத்த படியின் விளிம்பு லேசாகத் தொட்டாலே பிசிறும் போய்விடும். தகடு படியின் உயரத்தைவிடத் தடிமனாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வேண்டிய படியில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படி கூடுதலாக இறங்கிவிட்டால் துளையைச் சிறிதாக்க வழியில்லை.

பிறகு ஏன் பஞ்ச்? இரும்புத்தூள்தான் காரணம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கராஜில் இருக்கும் பிரேக்கர் பெட்டியில் (வீட்டுக்கு மின்சாரம் பிரியும் பெட்டி) ஸ்டெப் டிரில்லால் ஒரு துளை போட்டேன். துளை அழகாக வந்தது. ஆனால் சுருள்சுருளாகச் சீவல், மாவு மாதிரி தூள், எல்லாம் பெட்டிக்குள். காந்தம் வைத்து எடுத்தேன், வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினேன், ஒரு மணி நேரம் போயிற்று. முழுதும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது மூலையெங்கும் துருப்புள்ளிகள். ஹூஸ்டன் ஈரக்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? துரு பார்வைக்குத்தான் கெடுதல். மின்சாரம் ஓடும் இரண்டு பாகங்களுக்கு நடுவே ஒரு சீவல் பாலம் போட்டிருந்தால்? மெயின் பிரேக்கரை அணைத்தாலும், வெளியிலிருந்து கம்பி வந்து சேரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பஞ்ச் தகட்டை அராவுவதில்லை, வெட்டுகிறது. ஒரு பக்கம் கிண்ணம் போன்ற அச்சு, மறுபக்கம் வெட்டும் முனை, இரண்டையும் கோத்து ஒரு போல்ட். ஸ்பானரால் போல்ட்டைத் திருகத் திருக முனை தகட்டுக்குள் இறங்கும். கடைசியில் ஒரு ‘டக்’; கையில் ஒரு வில்லை. பொறுக்க வேண்டியது அதுமட்டும்தான். விளிம்பில் விரலை ஓட்டினால் சுரண்டவில்லை. வெட்டுவாயில் துத்தநாகப் பூச்சு தடவினேன். எந்தக் கருவியால் வெட்டினாலும் அது தேவை.

குறைகளும் உண்டு. போல்ட் நுழைய முதலில் வழித்துளை வேண்டும். அதற்கு ஸ்டெப் டிரில்தான் உதவியது. தூள் அப்போதும் விழும்தான், ஆனால் கொஞ்சம். தகட்டின் இருபுறமும் கை எட்ட வேண்டும். என் செட்டின் விலை நல்ல ஸ்டெப் டிரில்லைப்போலப் பல மடங்கு. ஒரே ஒரு துளைக்காக வாங்குபவரை நான் தடுப்பேன்; எலக்ட்ரீஷியன் நண்பரிடம் ஒரு நாள் கடன் கேட்கலாம்.

மூடித் தகட்டில் என் கட்சி தோற்றது. அவுட்லெட்டின் முகம் 2.15 அங்குலம். குழாய் அளவுகளுக்கான பஞ்சுகளில் ஒன்று சிறியது, அடுத்தது மிகப் பெரியது. கதவுப் பூட்டுக்குத் துளை போடும் 2 1/8 அங்குல ஹோல் சா கைகொடுத்தது. மீதி அரை மில்லிமீட்டரை அரைவட்ட அரம் பார்த்துக்கொண்டது. மூடியைத் தனியே கழற்றி மேசையில் வைத்து வெட்டியதால் தூள் பெட்டிக்குள் போகவில்லை.

வண்டியின் சுவரிலேயே துளை போடுவது வேறு கதை. அலுமினியத் தோலுக்குப் பின்னால் ஒட்டுப்பலகையோ நுரையோ இருப்பதால் பஞ்சின் அச்சை வைக்க இடமில்லை. ஒருமுறைதான் செய்திருக்கிறேன்: மேலே காகித டேப் ஒட்டி, புது ஹோல் சாவை மெதுவாக ஓட்டினேன். சுத்தமாகத்தான் வந்தது. கைப்பக்குவமா, அன்றைய அதிர்ஷ்டமா என்று இன்னொரு துளை போட்டால்தான் தெரியும். வண்டியில் இன்னொரு துளை போட வீட்டில் அனுமதி இல்லை.