வாக்குத்தத்தப் பெட்டி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

புது வருடம் நெருங்கினால் கொழும்பின் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் வாக்குத்தத்தப் பெட்டிகள் முன்தட்டுக்கு வந்துவிடும். ரொட்டி வடிவப் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நெருக்கி அடுக்கிய சின்ன அட்டைகள், தேவன் தந்த வாக்கைச் சொல்லும் வேதாகம வசனம் நாளுக்கொன்று. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ சாப்பாட்டு மேசைகளில் இருக்கும் பொருள். வாங்கலாம், ஆனால் கடையிலேயே பத்து அட்டையாவது உருவிப் பாருங்கள்.

முதலில், அதிகாரமும் வசன எண்ணும் அச்சிட்டிருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பெட்டி வேண்டாம். அடுத்தது, வசனம் முழுதாக இருக்கிறதா? சங்கீதம் 34:19ஐ வைத்துச் சோதிக்கலாம். 'கர்த்தர் அவைகளெல்லாவற்றிலும் நின்று அவனை விடுவிப்பார்' என்ற பாதி மட்டும் இருந்தால், 'நீதிமானுக்கு வரும் துன்பங்கள் அநேகமாயிருக்கும்' என்ற முன்பாதியை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பாதியை நம்பினவர் துன்பம் வந்ததும் தேவன் சொன்ன சொல் தவறிவிட்டது என்று நினைப்பார். அந்த வசனமோ துன்பம் வரும் என்றுதான் தொடங்குகிறது.

நல்ல எதிர்காலம் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் உண்டு. முந்திய வசனத்தில் 70 வருடம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது 5ஆம் வசனம். வாசித்தவர்களில் பலர் திரும்பி வருமுன் கண்மூடியிருப்பார்கள். 2022இல் எரிவாயு வரிசையில் நின்ற குடும்பத்துக்கு இந்த 70 வருடம் தெரிந்திருந்தால், அடுத்த கிழமையே எல்லாம் சரியாகவில்லை என்று விசுவாசம் உடைந்திருக்காது.

சங்கீதம் 91 அட்டையில் இன்னும் கவனம் தேவை. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குள் குண்டு வெடித்த நகரம் இது. 'பொல்லாப்பு உனக்கு நேரிடாது' என்ற வரி இங்கே தனியாக நிற்காது. லூக்கா 4இல் இயேசுவைத் தாழக் குதிக்கச் சொன்ன பிசாசு எடுத்துக்காட்டியதும் இதே சங்கீதத்தைத்தான். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

அட்டை ஒரு முகவரி மட்டுமே. அதை எடுத்ததும் வேதாகமத்தைத் திறந்து அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பிறகு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: யாருக்குச் சொன்னது, காலம் குறித்ததா, எதை வாக்குப்பண்ணவில்லை. மூன்றாவது வரிதான் கடினம். ஏசாயா 43:2 தண்ணீரைக் கடக்கும்போது கூட இருப்பேன் என்கிறது. தண்ணீரே வராது என்று சொல்லவில்லை.

கண்ணுக்குத் தெரிவதும் வாக்கும் மோதும் நாட்களுக்கு எரேமியா 32 போல உதவும் அதிகாரம் வேறில்லை. எருசலேம் முற்றுகையில், தீர்க்கதரிசி எரேமியா காவலில். இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலம் வாங்கப்படும் என்பது வாக்கு. அந்த நேரத்தில் ஆனதோத் ஊர் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். கையெழுத்து, முத்திரை, சாட்சிகள், தராசில் நிறுத்த வெள்ளி, எதுவும் குறையவில்லை. காணி உறுதி நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். 25ஆம் வசனத்தில், நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறதே, நிலத்தை வாங்கச் சொல்கிறீரே என்று அவரே கேட்கிறார். கேள்வி வந்தும் உறுதி கிழிக்கப்படவில்லை. இந்த அதிகாரத்துக்கு அட்டையே இல்லாத பெட்டிகள் உண்டு. வெற்று அட்டையில் நீங்களே எழுதிச் செருகுங்கள்.

கொழும்பு ஈரத்தில் மெல்லிய அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டும். தடித்த அட்டையாகப் பார்த்து வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். சமையலறையில் வைக்க வேண்டாம்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது பெட்டியை நீட்டி ஒன்று எடுக்கச் சொல்லாதீர்கள். எந்த அட்டை வரும் என்று தெரியாது. சங்கீதம் 13ஐ முழுதாக வாசித்துக் காட்டுங்கள். ஆறே வசனம், அதில் நான்கு தடவை 'எதுவரைக்கும்' என்ற கேள்வி.