16 ஜிபி லேப்டாப்பை 2 ஜிபி ஆக்க எது நல்ல வழி?

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலைக்கு எடை பில் போடும் ஆபீஸ்களில், 2 ஜிபி ராமோடு லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர்கள் இன்னும் உண்டு. அவற்றுக்கு மென்பொருள் எழுதுகிறவர் கையில் 16 ஜிபி லேப்டாப். அதில் எதுவும் பறக்கும். இலை வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில்தான் ஃபேக்டரியில் குட்டு வெளிப்படும். அதற்கு முன்பே லேப்டாப்பின் மெமரியைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது.

என் ஓட்டு ‘மெம்’ என்ற பூட் ஆப்ஷனுக்கு; கம்ப்யூட்டர் எழும்போது லினக்ஸின் மையமான கெர்னலுக்குக் கொடுக்கும் குறிப்பு அது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் மெனுவில் ‘இ’ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘மெம்=2ஜி’ சேர்த்து எஃப்10 தட்டினால் போதும். அந்த ஒரு பூட்டோடு சரி, அடுத்த முறை பழையபடி வந்துவிடும். கெர்னல், டெஸ்க்டாப், படித்த கோப்புகளை நினைவில் வைக்கும் ஃபைல் கேஷ் எல்லாமே அந்த 2 ஜிபிக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். நிஜக் கம்ப்யூட்டரிலும் அதுதானே நிலைமை?

ஒரு வில்லங்கம் உண்டு. எக்ஸ்86 எனும் இன்டெல், ஏஎம்டி வகைக் கம்ப்யூட்டர்களில் இந்த எண் மெமரியின் அளவைக் குறிப்பதில்லை, முகவரியின் உச்சவரம்பைக் குறிக்கிறது. 4 ஜிபிக்குக் கீழே முகவரிகளில் ஒரு பகுதியை கிராஃபிக்ஸ் கார்டு போன்ற பிசிஐ சாதனங்கள் பிடித்துக்கொள்வதால், ‘மெம்=4ஜி’ கொடுத்தால் பல கம்ப்யூட்டர்களில் 3 ஜிபி சுமார்தான் தேறும். பூட் ஆனதும் ‘ஃப்ரீ’ கமாண்டில் சரிபாருங்கள். அப்புறம், ராம் போதாதபோது டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பையும் அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி ஸ்வாப்பின் வேகம், அங்கிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடைக்காது.

ரீபூட் செய்யச் சோம்பலாக இருந்தால், நிரல்களுக்கு வரம்பு போடும் லினக்ஸ் வசதியான சி-குரூப். சிஸ்டம்டி-ரன் என்ற கமாண்ட் மூலம் ‘மெமரிமேக்ஸ்’ வரம்பு போட்டு அந்த ஒரு நிரலை மட்டும் கட்டிவைக்கலாம். தினசரி வேலைக்கு வசதிதான். ஆனால் நிரல் ‘மொத்த ராம் எவ்வளவு?’ என்று கேட்டால் 16 ஜிபி என்றே பதில் வரும். ஜாவா, மொத்த மெமரியில் கால் பங்கை, தன் தரவை வைக்கும் ஹீப் என்ற இடத்தின் உச்சமாக வைத்துக்கொள்ளும். புதிய ஜாவா பதிப்புகளுக்கு சி-குரூப் வரம்பைப் பார்க்கத் தெரியும். பழைய ஜாவா 4 ஜிபி வரை ஹீப்பை வளர்க்கப் பார்த்து, வரம்பில் முட்டிச் சாகும்.

லேப்டாப்புக்குள்ளேயே 2 ஜிபி கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மெஷினும் மோசமில்லை. ஆனால் டிஸ்க்கில் படிப்பதை வெளியே இருக்கும் 16 ஜிபி கேஷ் செய்து கொடுத்தால், உள்ளே இல்லாத வேகம் தெரியும்.

‘மெம்மேப்’ என்ற இன்னொரு பூட் ஆப்ஷன் வேறு வேலைக்கு. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, கோவையிலிருந்து புது ராம் வரத் தாமதம் என்று வையுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரல் காட்டிய பழுதான முகவரியை மட்டும் இதனால் ஒதுக்கிவிட்டு ஓட்டலாம். ஒதுக்கும் அளவு (உதாரணமாக 1எம், அதாவது 1 எம்பி), டாலர் குறி, தொடக்க முகவரி என்று எழுத வேண்டும். கிரப்பில் அந்த டாலர் குறிக்கு முன் பேக்ஸ்லாஷ் போடாவிட்டால், குறியோடு பின்னால் வரும் எண்ணும் போய்விடும். மிஞ்சும் ‘மெம்மேப்=1எம்’ என்பதை, மொத்த மெமரியே 1 எம்பி என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. அதனால் முதலில் கிரப் மெனுவிலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘ஐஓமெம்’ கோப்பை ரூட்டாகத் திறந்து, அந்த முகவரி ‘ரிசர்வ்ட்’ என்று காட்டினால் மட்டும் நிரந்தரமாக எழுதுங்கள்.