மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் மரத்துண்டு ஒட்டும் சட்டம்: எல்லாம் சரி, அந்த நாக்கைத் தவிர

நான் கடைந்த பூச்சாடி ஒன்றின் கழுத்திலிருந்து ஒரு துண்டு உதிர்ந்ததும், அதே வாரத்தில் நண்பர் ஒருவர் "அந்த ஒட்டுச் சட்டத்தை நானும் வாங்கலாமா?" என்று கேட்டதும் ஒன்றாக அமைந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். சிறு மரத்துண்டுகளை இடைவெளி விட்டு வளையம் வளையமாக அடுக்கி ஒட்டி, லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வைத்துக் கடைபவர்களுக்கு இந்தக் கருவியின் அமைப்பை விரித்துச் சொல்லத் தேவையில்லை. லேத்தின் மேல் நிற்கும் ஒரு கை, அதன் நுனியில் ஆப்பு வடிவ உலோக நாக்கு, லேத்தின் சுழல்தண்டைப் படிப்படியாகத் திருப்பி நிறுத்தச் சுற்றிலும் துளையிட்ட ஒரு இண்டெக்ஸ் தட்டு, அவ்வளவுதான். புதிதாக ஒட்டப்படும் துண்டுக்கும் அதற்கு முந்தைய துண்டுக்கும் நடுவில் அந்த நாக்கு நின்று இடைவெளியைக் காக்கும்.

துல்லியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பெரும்பாலும் வளையத்துக்கு 24 துண்டுகள் வைப்பவன். துண்டுக்கு 15 பாகை கிடைக்கும், அதில் 12 பாகை மரம், 3 பாகை வெற்றிடம், ஆகவே ஒவ்வொரு முனையிலும் 6 பாகைச் சாய்வு வெட்டு. இடைவெளியே இல்லாத வளையத்தில் ஒவ்வொரு வெட்டிலும் 0.1 பாகை பிசகினால்கூட 48 வெட்டுகளில் 4.8 பாகை சேர்ந்து, கடைசித் துண்டின் அருகே வளையம் வாய் பிளந்து நிற்கும். இங்கோ ஒவ்வொரு துண்டும் இண்டெக்ஸ் தட்டின் தன் துளையிலிருந்தே அளக்கப்படுவதால் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. இருக்கும் சிறு பிசகையும் இடைவெளி விழுங்கிவிடுகிறது. மேல்துண்டு கீழே உள்ள இடைவெளியின் குறுக்கே அமரும்படி அடுத்த வளையத்தை 7.5 பாகை தள்ளித் தொடங்குவதும் தட்டில் ஒரு துளை மாற்றும் வேலைதான்.

ஆனால் அந்த நாக்கு! அதன் அடிப்பக்கம் தட்டையாக, கீழ்வளையத்தின் மேல் ஒட்டிப் படியும்படி செய்யப்பட்டிருக்கிறது. துண்டின் இரு முனைகளிலும் அரிசி அளவு பசை வைத்து, பதினைந்து இருபது விநாடி விரலால் அழுத்தும்போது, மிகுதிப் பசை எங்கே பிதுங்கும்? கீழ்த்துண்டின் நடுவில் திறந்து கிடக்கும் அந்த ஐந்து மில்லிமீட்டர் திட்டில்தான் பிதுங்கும். நாக்கு உட்கார்ந்திருப்பதும் சரியாக அங்கேதான். பசை நாக்கின் அடியில் புகுந்து, அதன் பக்கவாட்டில் ஏறி, நாக்கை இழுக்கும்போது நூலாக நீண்டு, அடுத்த துண்டின் சுவரில் மெல்லிய படலமாக அப்பிக்கொள்கிறது. அப்போது பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கடைந்து, தேய்த்து, எண்ணெய் பூசிய பிறகுதான், எண்ணெய் இறங்காத அந்த இடம் வெளிறிய திட்டாகப் பல்லை இளிக்கும். ஈரத்துணியால் உடனே துடைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு முறை செய்து பார்க்கலாம். நீர்த்துப்போன பசை மர நார்களுக்குள் இறங்கித் திட்டு இன்னும் பெரிதாகும். அரைமணி நேரம் விட்டு, பசை ஜவ்வு போல ஆன பதத்தில் மெல்லிய உளியின் முனையால் நெம்பி எடுப்பதே உருப்படியான வழி. ஒரு சாடிக்குப் பதினான்கு வளையம் என்றால் 336 துண்டுகள். 336 முறை நெம்பிவிட்டுப் பிறகு என்னிடம் கருவியின் அழகைப் பற்றிப் பேசட்டும்.

இந்த எரிச்சல்தான் என்னைப் பசையில் சிக்கனம் பிடிக்க வைத்தது. உதிர்ந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒட்டுமுகத்தில் பாதியில் மர நார் பிய்ந்து வந்திருந்தது, அதாவது பசை தன் வேலையைச் செய்திருந்தது. மீதிப் பாதியோ பசையே காணாத, உப்புத்தாள் கோடுகள்கூட அப்படியே இருக்கும் வெறும் மரம். கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் வயிற்றுப் பகுதியில், 12 பாகைத் துண்டு 3 பாகை இடைவெளியைத் தாண்டி, ஒவ்வொரு முனையிலும் கீழே இருக்கும் துண்டின் மேல் 4.5 பாகை, அதாவது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அமர்கிறது. ஆரம் 30 மில்லிமீட்டராகக் குறுகும் கழுத்தில் அதே 4.5 பாகை வெறும் 2.4 மில்லிமீட்டர்தான். சுவரை 5 மில்லிமீட்டராகக் கடைந்த பிறகு அவ்வளவு சிறிய ஒட்டில் பாதி வறண்டிருந்தால் துண்டு நிற்காது. குற்றம் என் கையுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையை அப்படிப் பழக்கியது அந்த நாக்கு.

பழுது பார்த்த கதை சுருக்கமானது. புதுத் துண்டை மேல்கீழ் இரு முகங்களிலும் தாள் கனம் தேய்த்துத் தேய்த்து, வெளியிலிருந்து மையத்தை நோக்கிச் செருகி ஒட்டிக் கையாலேயே வடித்தேன். பிறர் கண்ணுக்குத் தெரியாது; எனக்கு மட்டும் தெரிகிறது. அன்றே நாக்கைக் கழற்றி அதன் அடியை 2 மில்லிமீட்டர் அராவி எடுத்து மெழுகும் தடவினேன். பசைக்கு இப்போது பிதுங்க இடம் இருக்கிறது, நாக்கைத் தொடுவதில்லை. தயாரித்தவர்கள் ஒரே ஒரு வெட்டில் செய்திருக்க வேண்டிய இதை, நான் மூன்று ஆண்டுகள் கழித்து அரத்தால் செய்திருக்கிறேன்.

கோபத்தில் மறந்துவிடக் கூடாத ஒன்றும் உண்டு. அது கடையும்போது காதில் விழுவது. நிமிடத்துக்கு 1000 சுற்றில் 24 துண்டுகள் உளிமுனையைக் கடக்கும்போது விநாடிக்கு 400 வெட்டுகள். துண்டுகள் சீரான இடைவெளியில் இருந்தால் அது ஒரே சுருதியில் நிற்கும் ரீங்காரமாகக் கேட்கிறது. இச்சட்டம் வருவதற்கு முன் கண் மதிப்பில் ஒட்டிய கிண்ணங்கள் கரகரவென்றுதான் கத்தின. உளி மழுங்கினால் ரீங்காரம் தடதடப்பாக மாறுகிறது. ஒரு துண்டு தளர்ந்தால் சுற்றுக்கு ஒரு தட்டல் அதற்குள் சேர்கிறது. உளியின் முதுகு நம்பிச் சாய்ந்துகொள்ளத் தொடர்ச்சியான மரம் இல்லாத இவ்வேலையில், அழுத்தாமல், மெல்ல நகர்த்தி, காதை நம்பிக் கடைவதுதான் எனக்குப் பிடிபட்ட வழி. சுழலும் சாடி பனிமூட்டம் போலாகி உட்சுவரின் கோடும் வெளிச்சுவரின் கோடும் ஒருசேரத் தெரியும் அந்தக் காட்சிக்காகவே நான் சில சமயம் உளியை எடுக்காமல் நின்றிருக்கிறேன். தேய்க்கும்போது மட்டும் மென்மையான பஞ்சுத் திண்டு வேண்டாம். அது இடைவெளிக்குள் இறங்கி விளிம்புகளை மழுக்கிவிடும். விறைப்பான பலகைத் துண்டில் உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், சுழலும்போது விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

நண்பருக்கு நான் சொன்ன பதில், வாங்க வேண்டாம் என்பதே. பிளைவுட்டில் ஒரு கையும், கெட்டி மரத்தில் அடி உயர்த்திய ஒரு நாக்கும் செய்துகொண்டால் போதும், லேத்திலேயே இண்டெக்ஸ் வசதி இருக்கும்போது மீதியெல்லாம் அலங்காரம் என்றேன். அப்படியானால் உங்களுடையதை எனக்குத் தந்துவிடுங்கள் என்றார் அவர். ஒன்பதாம் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், இப்போது கழற்ற முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.